பூசையில் வைத்த தொண்டை

ஆயுதபூசை அன்று காலையில் சுகப்பிரியாவின் தொண்டையில் சந்தனம் தடவிக் குங்குமப்பொட்டு வைத்தவள் எழிலரசி. விளையாட்டாகத்தான் வைத்தாள். அந்த விளையாட்டு எங்கே போய் நிற்கப்போகிறது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அப்போது தெரியாது.

சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்காரர்கள், மேலே இவர்கள் இரண்டு பேர். எழிலரசிக்குச் செய்யாறு பக்கம். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. சுகப்பிரியாவும் அதே லைனில் அவளுக்கு அடுத்த இடத்தில் நின்றவள்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, டிப்ளமோ முடித்த கையோடு டிரெயினியாக வந்து இறங்கியவள். ஒருமுறை கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். மைக்கில் தமிழில் வாசிக்க ஆள் வேண்டும் என்று இவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள். கையுறை போடுங்கள், காலணி போடுங்கள் என்று இவள் வாசித்ததை, அன்றைக்கு ஸ்பீக்கர் கட்ட வந்திருந்த ஜெபகுமார் கேட்டார். தண்டலத்தில் விளம்பர ஆட்டோ விடுகிறவர். போகும்போது நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

டிரெயினி காலம் முடிந்ததும் சுகப்பிரியா லைனுக்குத் திரும்பவில்லை. குரலை வைத்தே பிழைத்துக்கொள்கிறேன் என்றாள். ஜவுளிக்கடை திறப்பு, மனை விற்பனை, இலவசக் கண் முகாம், அம்மன் கோவில் கூழ் வார்த்தல் எதுவானாலும் சரி, பெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும் 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று ஒரு பெண்குரல் ஆட்டோவில் போனால் அது பெரும்பாலும் இவள் குரல்தான். ஸ்டூடியோ என்று தனியாக ஒன்றும் கிடையாது. பீரோவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் தலையைவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுவாள். வேர்த்து ஊற்றும். ஆனால் கேட்கிறவனுக்கு ஏசி அறையில் உட்கார்ந்து பேசியதுபோல் இருக்கும்.

அந்தக் குரல் வாங்காத நல்ல பெயர் இல்லை. அவள்தான் நிம்மதியாக ஒருவேளை சாப்பிட்டதில்லை.

அதற்கு ஒரு சொல் காரணம். வேலையை விட்ட புதிதில் ஊரில் அவள் தாய்மாமா, டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால், "கம்பெனிய விட்டுட்டு அங்க சும்மாதான் இருக்காளாம்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள். அந்தச் சும்மா இவள் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் சரி, எந்நேரம் கூப்பிட்டாலும் சரி, முடியாது என்ற பேச்சே இவள் வாயில் வந்ததில்லை. காய்ச்சலில் பேசியிருக்கிறாள். பொங்கலன்று பேசியிருக்கிறாள்.

லைனில் இருந்தபோது இப்படி இல்லை. அங்கே ஒரு நிமிஷம் இடத்தைவிட்டு நகர்வதென்றாலும் ரிலீவர் வரவேண்டும். இவளுடைய இடத்தில் வந்து நின்று, இவளுடைய வேலையைக் கையில் வாங்கிக்கொள்கிற ஆள். ரிலீவர் வந்துவிட்டால் போதும், வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்று வானத்தைப் பார்ப்பாள். நமக்குப் பதிலாக அங்கே ஒருத்தி நிற்கிறாள் என்ற தைரியம். இப்போது அவளுடைய இடத்தில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் லைன் நின்றுவிட்டதுபோல் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சித்தி மகள் கல்யாணத்தில்தான் அது முற்றிப்போனது. முகூர்த்த நேரத்தில் ஜெபகுமார் கூப்பிட்டார். இவள் மண்டபத்து வாசலில் நின்ற காருக்குள் போய், கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, சிமெண்ட் ஷீட் கடை விளம்பரத்தைப் பேசி அனுப்பினாள். கதவைத் திறந்து இறங்கும்போது கெட்டிமேளம் அடங்கி, முதல் பந்தியே முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பப் போட்டோவில் எல்லாரும் இருக்கிறார்கள், இவள் இல்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருஷம் ஆயுதபூசைக்கும் ஊருக்கு வரமுடியாது, தீபாவளி விளம்பரம் குவிந்து கிடக்கிறது என்று இவள் சொன்னபோதுதான், "நீ வரண்டாம், நான் வாரேன்" என்றாள் அம்மா. ஊரே தெற்கே போகிற நாளில் அம்மா வடக்கே வந்தாள். பஸ்ஸில் ஆளே இல்லையாம், இரண்டு சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தாளாம். வந்து இறங்கியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பூசையன்று ஒருநாள் முழுக்க என்கூட இரு, வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கவேண்டும், நடுவில் காருக்குள் ஓடக்கூடாது. சுகப்பிரியா சரி என்று சொல்லிவிட்டாள். இன்னொருமுறை அம்மாவை விட்டுவிட்டு எழுந்து போனால் அதற்குமேல் அம்மா எதையும் கேட்கவே மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா வந்து சேர்ந்த செய்தியை அப்பாவுக்கும் சொன்னாள். அப்பா ரைஸ்மில்லில் வேலை பார்க்கிறவர். விடிந்ததிலிருந்து ராத்திரிவரை மில் ஓடுகிற சத்தத்தில் போனும் கேட்காது, வாய்ஸ் மெசேஜும் கேட்காது. எழுதி அனுப்பினால் படிப்பார். ஆகவே சுகப்பிரியா போனிடம் வாயால் சொல்லுவாள், அது எழுதிக்கொள்ளும். கூத்து என்னவென்றால், விளம்பரத்துத் தமிழில் பேசினால் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதுகிற போன், ஊர்ப்பேச்சுப் பேசினால் தடுமாறிவிடும். முன்பு ஒருநாள், விருந்தாளிகளைப் பற்றி, "அவிய வந்துட்டாவளா" என்று கேட்டாள். 'அவியல் வந்துவிட்டதா' என்று போயிருக்கிறது. 'இங்கே ரசம்தான்' என்று அப்பா பதில் போட்டார். அதிலிருந்து அப்பாவுக்கு அனுப்பும்போது மட்டும் அவள் மேடையில் நிற்பதுபோல் பேசிக்கொள்வாள். அப்பாவுக்கு ஒரு குறை. மகள் எழுதுகிறதைப் படிக்கிறோம், ஊரெல்லாம் கேட்கிற அவள் சத்தத்தை நாம் இதுவரை கேட்டதில்லையே என்று.

பூசையன்று காலை, அம்மா அடுப்பில் கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். எழிலரசி கம்பெனியில் கொடுத்த பொரியையும் ஸ்வீட் பாக்கெட்டையும் வாழை இலையில் பரப்பி, தன் ஸ்கூட்டி சாவி, ஒயர் வெட்டுகிற கட்டர், அம்மா காய் நறுக்கிய அரிவாள்மணை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். சுகப்பிரியா மைக்கையும் ஹெட்போனையும் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். மைக்குக்குப் பொட்டு வைத்த எழிலரசி, கையிலே மிச்சம் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"இன்னாடி, மைக்க மட்டும் வச்சிகினா ஆச்சா? வேலை செய்றது அதுவா, இதுவா?" என்று இவள் தொண்டைக்குழியில் ஜில்லென்று தடவி, நடுவில் குங்குமத்தையும் வைத்துவிட்டாள்.

சுகப்பிரியாவுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் வச்சிருக்கா. அப்பம் நாளக் காலைல வரைக்கும் அத எடுக்கப்பிடாதுலா" என்றாள்.

பேசவே கூடாதா என்று இவள் கேட்டாள். வீட்டுப்பேச்சு பேசலாம், தொழிலுக்குத்தான் எடுக்கக்கூடாது, பூசையில் வைத்த புத்தகத்தை யாராவது படிப்பார்களா என்றாள் அம்மா. வாஸ்தவம். பள்ளிக்கூடத்து நாட்களில், படி படி என்று உயிரை வாங்குகிற அதே வாத்தியார்கள், அதே அம்மா, படிக்காதே என்று சொல்கிற ஒரே நாள் அது. அன்றைக்கு விளையாடுகிற விளையாட்டுக்கு மனசில் ஒரு குறுகுறுப்பும் இருக்காது.

கற்பூரம் காட்டி முடித்து, சுண்டலைக் கையில் வாங்கினார்களோ இல்லையோ, போன் அடித்தது. ஜெபகுமார்.

விஷயம் இதுதான். பென்னலூரில் மறுநாள் விஜயதசமிக்கு ஒரு பெரிய பர்னிச்சர் கடை திறக்கிறார்கள். விளம்பரம் போன வாரமே பேசிக் கொடுத்தாகிவிட்டது. நேற்று ராத்திரி பெயர் ராசி பார்க்கிற ஒருவர், கடைப் பெயருக்கு முன்னால் ஒரு 'ஸ்ரீ' சேர்த்தால்தான் நிலைக்கும் என்று சொல்லிவிட்டாராம். முதலாளி ராத்திரியோடு ராத்திரியாகப் போர்டையே மாற்றுகிறார். விளம்பரத்திலும் ஸ்ரீ வரவேண்டும்.

"முழுசாகூட வேணாமா. ஒரே ஒரு ஸ்ரீ. அத மட்டும் சொல்லி அனுப்பு, நான் வெட்டி ஒட்டிக்கிறேன்."

ஒரு ஸ்ரீ. ஒரு மூச்சு. பீரோவைத் திறந்து மூடுகிற நேரம்கூட ஆகாது. சுகப்பிரியாவின் கால் தானாகப் பீரோ பக்கம் திரும்பிவிட்டது. கையில் சுண்டலோடு அம்மா, கல்யாண மண்டபத்தில் எப்படிப் பார்த்தாளோ அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் கை எதேச்சையாகத் தொண்டைக்குப் போயிற்று. சந்தனம் இன்னும் காயவில்லை.

ஒரு ஸ்ரீ ஒரு ஸ்ரீயோடு நிற்காது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒட்டினால் ஒட்டாது, சுருதி விலகி நிற்கும், முழு வரியையும் பேசச் சொல்வார்கள். அப்புறம் முதலாளிக்கு வேகம் பிடிக்காது. அப்புறம் முதலாளி மச்சானுக்குப் பிடிக்காது. வல்லக்கோட்டைக்குப் போகிற பஸ் போய்விடும்.

"அண்ணே, இன்னைக்கு முடியாதுண்ணே. தொண்டையப் பூசைல வச்சாச்சு" என்றாள்.

எதை வைத்தாய் என்று ஜெபகுமார் திரும்பக் கேட்டார். அவள் விளக்கிச் சொன்னாள். ஆட்டோவுக்கும்தான் பூசை போடுகிறார்கள், எலுமிச்சம்பழத்தை ஏற்றி நசுக்கிவிட்டு ஓட்டவில்லையா என்று அவர் மடக்கினார். ஓடுகிற வண்டி வேறு, வைத்த சாமான் வேறு என்றாள் இவள். அவர் விடவில்லை. இந்த முதலாளிக்கு இன்னும் இரண்டு ஊரில் கடை வரப்போகிறது, வருஷம் முழுக்க வேலை, ஒரு ஸ்ரீக்காக அதை விடுவாயா, பூந்தமல்லியில் ஒரு பெண் புதிதாகப் பேசுகிறாள், அவளிடம் போய்விடுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

சுகப்பிரியாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. எத்தனை வேர்வையிலும் நடுங்காமல் பேசிப் பழகிய குரல் ஆயிற்றே.

"அண்ணே, ஞாயித்துக்கெழம காலைல ஒங்க போன் எப்பமும் ஆஃப்ல இருக்கும். சர்ச்சுல ஆராதன முடிஞ்சாத்தான் எடுப்பிய. ஒருநாளாவது ஏன்னு கேட்டிருக்கேனா?"

பின்னால் ஏதோ ஸ்பீக்கரை ஆள்விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தது கேட்டது. ஜெபகுமார் பெருமூச்சு விட்டார். அம்மா வந்திருக்காங்களா, சொல்லவே இல்லையே என்று பேச்சை மாற்றினார். கோவிலுக்குப் போறீங்களா, நல்லது, நல்லது என்றார்.

"வல்லக்கோட்டைக்கு எந்த ஊர் பஸ்ல போவீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, இந்த மனுஷன் போன் பேச்சை ரெக்கார்டு பண்ணுகிற ஆள் என்று.

"பெரும்புதூர் பஸ்லண்ணே" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "உசாராத்தான் கீற. ஸ்ரீபெரும்புதூர்னு முழுப்பேர் சொல்வேன்னு பாத்தேன்" என்றார். சிரித்து முடித்துவிட்டு, வருத்தம் இல்லாமல் நிஜத்தையும் சொன்னார். முதலாளி காத்திருக்கமாட்டார், பூந்தமல்லிப் பெண்ணைத்தான் கேட்கவேண்டியிருக்கும். கேளுங்கண்ணே என்றாள் இவள். "நாளைக்கு எத்தினி மணிக்குத் தொண்டைய எடுப்ப?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

போனைப் பிடித்தபடியே சுகப்பிரியா தரையில் உட்கார்ந்துகொண்டாள். வருஷம் முழுக்க வருகிற வேலை, ஒரு ஸ்ரீயில் போய்விட்டது. தப்புப் பண்ணிவிட்டேனோ என்று எழிலரசியிடம் கேட்டாள். திரும்பக் கூப்பிடலாமா என்றும் கேட்டாள். எழிலரசி அந்தப் போனை இவள் கையிலிருந்து பிடுங்கி, அதன் முதுகிலும் ஒரு சந்தனப்பொட்டு வைத்து, மைக் பக்கத்தில் இலையில் கிடத்திவிட்டாள்.

"இதுவும் ஆயுதம்தான். கிட்ட போன, கையை ஒடிச்சிடுவேன்."

மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காயும் குங்குமமும். கம்பெனி பஸ்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை இல்லாத போன் இடுப்பில் அடித்ததுபோல் சுகப்பிரியாவுக்கு இருந்தது. கோவிலில் ஏழடி முருகனை நிமிர்ந்து பார்க்கும்போதுகூட, பூந்தமல்லிப் பெண் அந்த ஸ்ரீயை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அர்ச்சனைத் தட்டோடு பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் இவள் கழுத்தைப் பார்த்து, தொண்டைக் கட்டுக்கு வேண்டுதலா அம்மா என்று கேட்டார். இல்லை, வேலைக்காரத் தொண்டை, இன்றைக்கு அதற்கு ஓய்வு என்று எழிலரசி பதில் சொன்னாள். கிழவரோடு வந்திருந்த அவர் மகள் அதைக் கேட்டுச் சிரித்தாள். அப்போதுதான் சுகப்பிரியாவுக்கு முதல்முறையாக மூச்சு அடி வயிறுவரை போய் வந்தது.

குளத்துப் படியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். அம்மா ஊர்க் கதையெல்லாம் சொன்னாள். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள். சித்தி மகள் கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டையைக்கூடச் சொன்னாள். இவள் அங்கே இருந்தும் பார்க்காத சண்டை. இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

திரும்பும்போது ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். மேம்பாலத்துக்கு அடியில், லாரிச் சத்தத்துக்கு நடுவே, தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் கேட்டது. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஜெபகுமாரின் மஞ்சள் ஆட்டோ வந்துகொண்டிருந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே. தீபாவளித் திருநாளை முன்னிட்டு உங்கள் குடும்பம் முழுமைக்கும் புத்தாடைகள்..."

பூக்காரி ஒருத்தி தொடுப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். பைக்கில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி. இது ஒன் சத்தம்லா."

ஆமாம் என்று தலையாட்டினாள். அம்மா அவள் வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. ஆட்டோவைப் பார்த்தாள். அது பேசிக்கொண்டு வந்தது. எழிலரசி இவள் இடுப்பில் இடித்து, "பாருடி, உன் ரிலீவர் வருது" என்றாள்.

சுகப்பிரியா அசையாமல் நின்றாள். இத்தனை நாளும் இது இவள் கண்ணில் படவில்லை. இவள் சுண்டல் தின்றபோதும், முருகனைப் பார்த்தபோதும், குளத்தங்கரையில் கதை கேட்டபோதும், அவள் இடத்தில் ஒருத்தி இந்த ரோட்டில் நின்று பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வேர்க்காமல், தண்ணீர் கேட்காமல்.

அதற்குள் அம்மா தன் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். அப்பாவால் கேட்கமுடியாதே என்று இவள் சொல்ல வந்தாள். "இன்னைக்கு மில்லு ஓடலட்டி. அதுக்கும் பூசதான்" என்றாள் அம்மா. ஆட்டோ நேராக எதிரே வந்தபோது போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், சாமிக்குத் தீபாராதனை காட்டுவதுபோல. ஆட்டோவை ஓட்டி வந்த ஜெபகுமாரின் ஆள் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். ஜவுளிக்கடை, பட்டுப்புடவை, குழந்தைகளுக்கான தனிப்பிரிவு எல்லாம் சங்கரன்கோவிலுக்குப் போயின.

ஆட்டோ கடந்ததும் அம்மா போனை இவளிடம் கொடுத்தாள். அப்பா டீக்கடையில் இருந்தார். பின்னால் ஆள் பேச்சு கேட்டது.

"சுகா, ஆட்டோல நீதான் உக்காந்து பேசிக்கிட்டுப் போறியா?"

"இல்லப்பா. அது ரெக்கார்டு. நான் இங்க அம்மா பக்கத்துல நிக்கேன்."

"நின்னு என்ன செய்த?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். யோசிக்க வேண்டியதே இல்லை என்று தோன்றியது.

"சும்மா நிக்கேன்ப்பா" என்றாள்.

அப்பா சிரித்தார். பிறகு போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, டீக்கடை முழுவதற்கும் கேட்கிறமாதிரி யாரிடமோ சொன்னார்: "மாப்ள, கேட்டீரா? எம்மவ சும்மாதான் நிக்காளாம். அவ சத்தம்தான் அங்க ஊரு பூரா வேலை பாக்கு." தாய்மாமா என்ன பதில் சொன்னார் என்று இவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றும் இல்லை.

ஷேர் ஆட்டோ வந்தது. அம்மா ஏறவில்லை. மஞ்சள் ஆட்டோ திரும்பி வருமா, முதலிலிருந்து முழுசாகக் கேட்கவேண்டும் என்றாள். அது படப்பை போய்த் திரும்ப ரொம்ப நேரம் ஆகும் என்றாள் எழிலரசி. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மகள் பக்கம் திரும்பினாள்.

"அப்பம் நீயே சொல்லேன். அன்பார்ந்த பொதுமக்களேன்னு ஆரம்பிச்சியே, அத. ஒரே ஒரு தடவ."

சுகப்பிரியா தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தாலும் பொட்டு அப்படியே இருந்தது.

"நாளைக் காலைல சொல்லுதேன்ம்மா. இன்னைக்கு அது பூசைலலா இருக்கு."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, அதுவும் சரிதான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டோவில் ஏறி ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தாள்.